ஊதா சொடுக்கு வண்டின் பரவலை அறிய ஜிபிஐஎஃப் தளம்: ஒரு மதிப்புரை

உயிரினப் பதிவுகளைத் தேடித்தரும் இணையச் சேவைகளில் ஜிபிஐஎஃப் (Global Biodiversity Information Facility – உலகப் பல்லுயிர்த் தகவல் அமைப்பு) முதன்மையானது. 2001-இல் தொடங்கப்பட்டு, கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் இதற்குக் கட்டணம் கிடையாது. புலியையோ யானையையோ தேடி இதை எடைபோடுவதில் பயனில்லை என்பதால், அதிகம் ஆராயப்படாத ஊதா சொடுக்கு வண்டை (லிமோனிஸ்கஸ் வயலேசியஸ்) எடுத்துக்கொண்டேன்.

ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீளமுள்ள இவ்வண்டு, ஐரோப்பாவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே வாழ்கிறது. முதிய பீச், ஆஷ் மரங்களின் அடிப்பொந்தில் சேரும் ஈரமான மர மக்குக்குள்தான் புழு வளர்கிறது. பிரிட்டனில் 1937-இல் வின்ட்சர் காட்டிலும், 1989-இல் பிரெடன் குன்றிலும், பிறகு டிக்ஸ்டன் வனத்திலும் கண்டறியப்பட்டது; அந்நாட்டில் அதற்கு வேறு உறைவிடம் அறியப்படவில்லை.

அறிவியல் பெயரை இட்டதும் வரைபடம் விரிகிறது. அதில் நிறுத்திவிடுபவருக்கு இத்தளம் பாதிதான் உதவும். ஒவ்வொரு பதிவையும் திறந்தால், அது அருங்காட்சியக மாதிரியா, நேரில் கண்டதா, எந்த ஆண்டுக்குரியது என்பதெல்லாம் தெரிகின்றன. இடக்குறிப்பு எத்தனை மீட்டர் பிசகக்கூடும் என்ற குறிப்பும் இருந்தால், அதை முதலில் பார்ப்பது நல்லது. ஏனெனில் சில தரவுத் தொகுப்புகள் உண்மையான இடத்தை விடுத்து, நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்தின் மையப் புள்ளியையே தருகின்றன. வரிசை பிசகாமல் நிற்கும் புள்ளிகளைக் கண்டால், வண்டுகள் அணிவகுத்தன என்று எண்ணிவிடக் கூடாது.

வெற்றிடங்களைப் படிப்பது அதைவிடக் கடினம். மக்கைக் கிளறித் தேடினால் வண்டின் வாழிடமே கெடும். பொந்தின் வாயை வலைப்பொறியால் மூடிக் காத்திருப்பதற்கோ பொறுமையும் அனுமதியும் வேண்டும். எனவே புள்ளியில்லாத காட்டில் வண்டில்லை என்று இவ்வரைபடத்தை வைத்து முடிவுகட்ட இயலாது. இது தளத்தின் குறையன்று. ஆயினும் வரைபடத்தின் ஓரத்திலேயே இவ்வெச்சரிக்கை கண்ணில் படும்படி இருந்திருக்கலாம்.

தரவிறக்கத்துக்குக் கணக்கு தொடங்க வேண்டும். ஒவ்வொரு தரவிறக்கத்துக்கும் டிஓஐ எனும் நிலையான இணைய அடையாள எண் கிடைப்பதால், கட்டுரையில் மேற்கோள் காட்டுவது எளிது. சில தொகுப்புகளை வணிக நோக்கில் பயன்படுத்த உரிமம் இடந்தராது என்பதால், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பூச்சியியல் மாணவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வண்டின் படத்தைக் காட்டிப் பெயர் கேட்க விரும்புவோருக்கு இது ஏற்ற இடமன்று.