குளத்துப் பறவைய எண்ண போன் ஆப்பா, ஜனவரி டீமா?

நம்ம திருநெல்வேலிப் பக்கம் பறவைக் கணக்குல சேரணும்னா ரெண்டு வழி நல்லா இருக்கு, ஒண்ணு பாத்த பறவைய போன்ல பதிவு பண்ற இ-பேர்ட் ஆப், இன்னொண்ணு 2011ல இருந்து ஜனவரில டீமா குளம் குளமா போய் எண்ணுற தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு.

இ-பேர்ட் 2002ல அமெரிக்காவுல இருக்குற கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சொசைட்டிங்குற பறவைப் பாதுகாப்பு அமைப்பும் ஆரம்பிச்சது. பால் வாங்கப் போற வழில நயினார்குளத்துக் கரைல கால் மணி நேரம் நின்னு பாத்தத போட்டாலும் போதும், எவ்வளவு நேரம் பாத்தீங்கன்னும் சேத்து கேக்குறதாலதான் அது ஆராய்ச்சிக்கு உதவுது, அந்த ஊருக்கு சம்பந்தமில்லாத பறவைய போட்டா சரிபாக்குறவங்க போட்டோ இருக்கான்னு கேப்பாங்க. வருசம் பூரா செய்யலாம்.

ஆனா புதுசா வாரவங்களுக்கு நான் சொல்றது ஜனவரி டீம்தான். தூரத்துல கருப்பா மிதக்குறதெல்லாம் ஒரே கோழின்னுதான் நானும் நெனச்சேன், பக்கத்துல நின்ன அண்ணாச்சி "நெத்தில வெள்ளையா நாமம் போட்டிருந்தா நாமக்கோழி, சிவப்பா இருந்தா தாழைக்கோழி, நல்லா பாருங்க"ன்னாரு, இன்னைக்கு வரைக்கும் மறக்கல. பெரிய கூட்டமா இருந்தா மொதல்ல பத்து பறவைய எண்ணி, அது எவ்வளவு எடம் பிடிக்குதுன்னு கண்ணுல வச்சுக்கிட்டு, அந்த அளவுலயே கூட்டம் முழுக்க நகந்து போகணும், இத ஆப் சொல்லித் தராது. அப்புறம் கரைல மீன் பிடிக்கிறவர்ட்ட பேசினா, இந்த வருசம் தண்ணி எப்ப வந்துச்சு, அமலை, அதான் தண்ணில படர்ற செடி, எவ்வளவு பரவியிருக்குன்னு எல்லாம் சொல்வாரு, பறவை ஏன் கொறஞ்சுதுன்னு அங்கதான் புரியும்.