பழைய புல்லட் 350: பிளாட்டினம் பாயிண்டா, எலக்ட்ரானிக் இக்னிஷனா?

நாலு வண்டியின் பாகங்களைக் கோத்துக் கட்டும் காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு எஞ்சின்) ராயல் என்ஃபீல்டு புல்லட்டில் முதல் தகராறு டைமிங்தான், அதாவது பொறி சரியான நேரத்தில் விழுவது.

பிளாட்டினம் பாயிண்ட் (திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் தொடுமுனைகள்) வைத்தால் முனைகளின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. கம்ப்ரஷனில் (இரண்டு வால்வும் மூடியிருக்கும் அழுத்த வீச்சில்) பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து (வால்வை இயக்கும் கம்பிகளான புஷ்ராட் இரண்டும் விரலால் உருட்டினால் சுழல வேண்டும்), உச்சிக்கு 0.8 மி.மீ முன்னால் நிறுத்துங்கள். பாயிண்டுக்கு நடுவே செருகிய சிகரெட் தாள் அந்த இடத்தில் லேசாக நழுவினால் சரி. வேறு எஞ்சினில் கழற்றிய டிஸ்ட்ரிபியூட்டர் (பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் பாகம்) என்றால் ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஷாஃப்ட்டைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்திருந்தால் இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் மாறும். எத்தனை முறை செட் செய்தாலும் நிற்காது. அட்வான்ஸ் ஸ்பிரிங் (வேகத்துக்கேற்பப் பொறியை முன்னதாக விழவைக்கும் அமைப்பின் ஸ்பிரிங்) தளர்ந்திருந்தால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். பாயிண்டில் நீலப்பொறி பறந்தால் கண்டென்சரை (பாயிண்டில் பொறி பறக்காமல் தடுக்கும் சிறு மின்தேக்கியை) மாற்றுங்கள்.

எலக்ட்ரானிக் இக்னிஷனில் தேயும் பாயிண்ட் இல்லை. ஆனால் 12 வோல்ட் கிட்டை 6 வோல்ட் வண்டியில் போட முடியாது. ஆல்டர்னேட்டர், பேட்டரி, பல்பு எல்லாம் மாற வேண்டும். பேட்டரியை நம்பும் கிட் என்றால், பேட்டரி சோர்ந்ததும் பொறியும் போய்விடும்.

புஷ் நன்றாக இருந்தால் பாயிண்டே போதும். வழியில் நின்றாலும் உப்புத்தாளால் தேய்த்து வீடு வந்துவிடலாம்.