ஃபோர்டு எஃப்-150 வாங்கலாமா, டொயோட்டா டண்ட்ராவா?

அமெரிக்காவில் பெரிய பிக்கப் தேடுவோரின் குழப்பம் இது. உள்நாடு, வெளிநாடு என்று பார்க்காதீர்கள். இறக்குமதி பிக்கப்புக்கு 1964இலேயே 25% வரி போட்டார்கள்; அதனால் டண்ட்ராவும் டெக்சாஸில்தான் தயாராகிறது.

இழுவை: ஃபோர்டு அதிகபட்சம் 13,500 பவுண்டு, டண்ட்ரா 12,000. இரண்டும் குறிப்பிட்ட அமைப்புள்ள வண்டிக்கு மட்டுமே. கதவோர ஸ்டிக்கரில் உள்ள சுமை வரம்புதான் (வண்டி தாங்கக்கூடிய எடை) பெரும்பாலும் இழுவை வரம்புக்கு முன்பே முட்டும்.

எஞ்சின்: ஃபோர்டில் 5.0 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) இன்னும் உண்டு. டண்ட்ராவில் 2022 முதல் 3.4 லிட்டர் டர்போ வி6 (ஆறு சிலிண்டர்) மட்டும். 2022-23 வண்டிகள் பலவற்றில் தங்கிய உலோகத் துகள் பேரிங்கைக் கெடுக்கலாம் என்பதால் 2024இல் திரும்ப அழைத்தார்கள். பழைய வண்டியென்றால் சேசிஸ் எண்ணைக் கொடுத்துச் சரிபாருங்கள்.

துரு: ஃபோர்டு உடல் அலுமினியம், துருவேறாது, ஒடுக்கெடுக்க எல்லாப் பட்டறையிலும் ஆளில்லை. டண்ட்ராவின் பின்பக்கச் சரக்குத் தொட்டி பிளாஸ்டிக் கலவை. சேசிஸ் இரண்டிலும் எஃகுதான்.

கனமான டிரெய்லருக்கும் வி8 பிரியர்களுக்கும் ஃபோர்டு. தொட்டியில் கல்லும் மண்ணும் அள்ளுபவருக்கு டண்ட்ரா.