கேட்க வேண்டிய ஆள் முழித்துக்கொண்டுதான் கிடந்தார்: 38,000 ரூபாய் போன கதை

அப்பாவை டிஸ்சார்ஜ் பண்ணி மூன்று நாள் ஆகிறது. ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் போடவில்லை. குமரி மாவட்டத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான்.

அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். வலது பக்கம் குடலிறக்கம். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போகலாம் என்றுதான் சொன்னார்; நாளாகும் என்று தடுத்தவன் நான். இங்கே மெஷ் (குடல் பிதுங்குகிற ஓட்டையை மூட வைக்கிற வலை) உட்பட 55,000 என்றார்கள். டாக்டர் அப்பாவின் தோளைத் தட்டி, "நம்ம வீட்டு ஆளு மாதிரி பாத்துக்கிடுவோம்" என்றார். அந்த ஒரு தட்டில் விழுந்துவிட்டேன்.

முந்தின ராத்திரி பத்து மணிக்கு சிஸ்டர் ஃபாரம் கொண்டுவந்தார். நாலு பக்கமும் இங்கிலீஷ். ஆபரேஷன் பெயர் எழுத வேண்டிய இடம் காலி. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மட்டும் பென்சிலால் பெருக்கல் குறி. மயக்க மருந்து டாக்டர் வந்து விளக்கினார் என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக்! அப்படி ஒருத்தரை நாங்கள் கண்ணால் பார்க்கவில்லை. அப்பா தினமும் பேப்பர் வாசிக்கிற ஆள், தமிழில் இருந்தால் ஒரு வரி விடமாட்டார். "எல்லாருக்கும் உள்ளதுதான், போடுங்க" என்றார் சிஸ்டர். போட்டோம்.

மறுநாள் தியேட்டர் கதவு பாதி திறந்தது. "ஓட்டை பெருசா இருக்கு, சாதா மெஷ் நிக்காது. வெளிநாட்டு மெஷ் வைக்கணும், 38,000 கூடுதல். சீக்கிரம் சைன் பண்ணுங்க." உள்ளே அப்பாவை அறுத்துப் போட்டிருக்கும்போது எவன் பேரம் பேசுவான்? பேப்பரைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். மைனியின் வளையல் அன்று மாலையே அடகுக்குப் போனது.

ராத்திரி வார்டில் அப்பா சொன்னார்: "முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழதான் மரத்துச்சு. நான் முழிச்சுதான் கெடந்தேன் மக்கா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல்லியே."

பில் கவுண்டரில் கேட்டால் டாக்டரைப் பாருங்கள். டாக்டர் ரவுண்ட்ஸ். மேனேஜர் சிரித்துக்கொண்டே, "சைன் பண்ணினது நீங்கதானே?" மெஷ் பெட்டியில் பேட்ச் எண்ணோடு வரும் ஸ்டிக்கரை கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்களாமே, அதையாவது காட்டுங்கள் என்றேன். ஃபைல் ரெக்கார்ட்ஸுக்குப் போய்விட்டதாம். வைத்தது எந்த மெஷ் என்றே தெரியாமல் 38,000.

தெரிந்த வக்கீல் அண்ணன் சமீரா கோலி வழக்கைச் சொன்னார். சோதனைக்காக மயக்கம் கொடுத்த பெண்ணுக்கு, வெளியே நின்ற தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அந்தச் சம்மதம் செல்லாது என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. உயிருக்கு ஆபத்து இல்லையென்றால், நோயாளி முழிக்கும்வரை காத்திருக்க வேண்டுமாம். அந்தப் பெண்ணாவது மயக்கத்தில் இருந்தார்!

சரி, அவசரமாகச் சில விஷயம். காலி இடம் உள்ள ஃபாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மயக்க மருந்து டாக்டரைப் பார்க்காமல் தியேட்டருக்கு அனுப்பாதீர்கள். மெஷ் விலையை முதலிலேயே எழுதி வாங்குங்கள். சிகிச்சை ரெக்கார்டை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்று 2002-ம் வருட மெடிக்கல் கவுன்சில் விதி இருக்கிறது. நான் நேற்று எழுதிக் கொடுத்தேன். வாங்கியதற்கு சீல் கேட்டதற்கு, சீல் வைக்கிறவர் லீவாம்.

நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போகிறேன். அதற்கு முன் தையல் பிரிக்க வேண்டும். அந்தப் படி ஏறமாட்டேன் என்கிறார் அப்பா.