முகம் முழுக்க மூடுற ஸ்நார்க்கல் மாஸ்க்: தீவு ட்ரிப்புக்கு வாங்குறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

தீவுக்கு போறோம்னு முடிவானதும் முதல்ல ஆர்டர் பண்ணது இந்த ஃபுல் ஃபேஸ் ஸ்நார்க்கல் மாஸ்க்தான் (தண்ணி மேல குப்புற மிதந்து, ட்யூப் வழியா மூச்சு விட்டுட்டே கீழ மீன் பாக்கறதுக்கு போடுறது), எனக்கு ஒண்ணு தங்கச்சிக்கு ஒண்ணு, ரெண்டும் ஒரே சைஸ். பிராண்ட் பேர் போடல, ஏன்னா நான் சொல்ல வர்றது இந்த டைப் மாஸ்க் எல்லாத்துக்குமே பொருந்தும்.

நல்லத முதல்ல சொல்லிடறேன். பழைய மாஸ்க் மாதிரி ரப்பர வாயில கடிச்சிட்டே இருக்க வேணாம், தாடை வலிக்காது, மூக்குலயே மூச்சு விடலாம், ரெண்டு பக்கமும் அகலமா தெரியுது. தண்ணின்னாலே பயப்படுற தங்கச்சி முதல் நாள் முழங்கால் ஆழத்துல குப்புற படுத்துட்டு மீன் பாத்துட்டு எழுந்திரிக்கவே மாட்டேன்னுட்டா. அந்த சந்தோஷத்த நான் குறைச்சு சொல்ல மாட்டேன். விளையாட்டு சாமான் விக்கற டெக்கத்லானோட ஈஸிபிரெத்ங்கற ஃபுல் ஃபேஸ் மாஸ்க் 2014ல வந்தப்புறம் இதே டிசைன்ல ஏகப்பட்ட கம்பெனி போட்டுட்டாங்க, வெளிய பாத்தா எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கும், ஆனா உள்ள காத்து போற வழி ஒண்ணா இருக்காது, விஷயமே அங்கதான் இருக்கு.

மேல ட்யூப் வழியா வர்ற நல்ல காத்து முதல்ல கண்ணாடி பக்கம் இறங்கி, அங்கேருந்து மூக்கையும் வாயையும் மூடியிருக்கற சிலிக்கான் கப்புக்குள்ள சின்ன சின்ன வால்வு வழியா வரணும். நாம விடுற மூச்சு அந்த வால்வு வழியா திரும்ப போகக்கூடாது, ஓரத்துல இருக்கற தனி வழில மேல போயிடணும். அந்த கப் மூஞ்சில சரியா உக்காரலன்னா விட்ட மூச்சு கண்ணாடி பக்கம் கசிஞ்சு அதையே திரும்ப இழுப்போம், அதாவது கார்பன் டை ஆக்சைடு உள்ளயே சுத்தும். தலைவலி, கிறுகிறுப்பு, மூச்சு பத்தலங்கற மாதிரி ஒரு தவிப்பு எல்லாம் வரும்.

எங்களுக்கு ரெண்டாவது நாள் அதான் ஆச்சு. கொஞ்சம் அலை இருந்துச்சு, நிக்க முடியாத ஆழம், ஒரு பத்து நிமிஷம் இருக்கும், தங்கச்சி தலைய தூக்கி கைய ஆட்டுறா. கிட்ட போய் பாத்தா அவ கண்ணாடி முழுக்க ஆவி படிஞ்சு கண்ணே தெரியல. மாஸ்க்குள்ளருந்து பேசுறதும் புரியல. கழட்ட பாக்கறா, பின்னாடி ஸ்ட்ராப் தலைமுடில சிக்கிக்கிச்சு, நான் தாடைக்கு கீழ விரல விட்டு மேல தள்ளினப்புறம்தான் வந்துச்சு. "அக்கா, மூச்சு இழுக்கறேன் ஆனா பத்தவே இல்ல"ன்னா. ஒரு சொட்டு தண்ணி கூட உள்ள போகல, அதுதான் என்ன ரொம்ப பயமுறுத்திடுச்சு. மல்லாக்க மிதக்க வச்சு மெதுவா நாங்க வந்த படகுக்கு இழுத்துட்டு வந்தேன்.

ரூமுக்கு வந்து நிதானமா பாத்தா காரணம் கண்ணு முன்னாடியே இருந்துச்சு. அவளுக்கு சின்ன முகம், மூக்கு மேல அந்த சிலிக்கான் கப்புக்கும் தோலுக்கும் நடுவுல என் சுண்டு விரல் போற அளவு இடைவெளி. சைஸ் பாக்கறது மூக்குத்தண்டுல ரெண்டு கண்ணுக்கு நடுவுலருந்து தாடை நுனி வரைக்கும் அளந்து, மாஸ்க் வந்த அட்டைப்பெட்டில போட்டிருந்துச்சு, நான் அளக்கல, அது முழுக்க என் தப்பு. தாடி வச்சிருக்கறவங்களுக்கும் இதே கசிவு வரும். கண்ணாடி சும்மா சும்மா ஆவி படிஞ்சா துடைச்சிட்டு மறுபடி போடாதீங்க, விட்ட மூச்சு தப்பான வழில போகுதுன்னு அது சொல்லுதுன்னு எடுத்துக்கோங்க.

இன்னொண்ணு, இத போட்டுட்டு கீழ முங்கவே கூடாது, மூக்க பிடிச்சு காதுல அழுத்தத்த சரி பண்ண முடியாது. ட்யூப் உச்சில இருக்கற மிதவை அலை அடிச்சா ட்யூப மூடிக்கும், அந்த ஒரு வினாடி காத்து வராது, தெரியாதவங்க அதுக்கே பதறிடுவாங்க, அதனால இடுப்பளவு தண்ணில நின்னு கழட்டி மாட்டி பழகிட்டு போங்க. வேகமா நீந்தாதீங்க, சும்மா மிதங்க. ஹவாய்ல ஸ்நார்க்கல் பண்றப்போ நடந்த மரணங்கள ஆராய்ஞ்சவங்க, தண்ணி குடிக்காமலே, ட்யூப் வழியா கஷ்டப்பட்டு இழுக்கறதால நுரையீரல்ல நீர் கோர்க்கலாம்னு சொல்றாங்க, இது சாதா ட்யூபுக்கும் சேர்த்துதான். இதய பிரச்சனை, பிரஷர் இருக்கறவங்க டாக்டர்கிட்ட கேக்காம இறங்க வேணாம். திடீர்னு மூச்சு வாங்குனா கொஞ்ச நேரத்துல சரியாயிடும்னு இருக்காதீங்க, மாஸ்க்க கழட்டி மல்லாந்து படுத்து கைய தூக்குங்க.

தனியா போகவே போகாதீங்க. அன்னிக்கு நான் ரெண்டு கை தூரத்துல இருந்தேன், அவ்வளவுதான் எங்களுக்கும் பெரிய விபத்துக்கும் நடுவுல இருந்த தூரம். லைஃப் ஜாக்கெட்டும் முழு கை ஸ்விம் டிரஸ்ஸும் போட்டுக்கோங்க, குப்புற மிதக்கறப்போ முதுகு வெந்து போறது தெரியவே தெரியாது.

வாங்கலாமான்னு கேட்டா, அலை இல்லாத, கால் ஊனி நிக்கற தண்ணிக்கு, சைஸ் அளந்து, ஓரத்துல சட்டுனு கழட்டுற கிளிப் இருக்கறதா பாத்து வாங்குங்க. ஆழத்துக்கு போட்ல போறீங்கன்னா கண்ணாடி தனியா ட்யூப் தனியா இருக்கற பழைய ரெண்டு பீஸ் மாஸ்க்கே போதும், ட்யூப வாயிலருந்து துப்பினா வந்துரும். நாலாவது நாள் தங்கச்சி அந்த ரெண்டு பீஸ் மாஸ்க்க வாடகைக்கு எடுத்துட்டு மறுபடி இறங்கினா, இந்த தடவை என் கைய பிடிச்சுட்டே. அவளோட ஃபுல் ஃபேஸ் மாஸ்க்க யாருக்கும் குடுக்கல, ஸ்ட்ராப்ப வெட்டித்தான் தூக்கி போட்டேன்.