உயரமான ஃபார்வர்டு: வளர்ப்பதா, வாங்குவதா?

ஏ.எஃப்.எல். (ஆஸ்திரேலிய பாணிக் கால்பந்து லீக்) அணிக்குக் கோல் முன்னால் பந்தைத் தாவிப் பிடித்துக் கோல் போட உயரமான ஆள், அதாவது ஃபார்வர்டு, இல்லையா? டிராஃப்டில் (கிளப்புகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வில்) இளைஞரை எடுக்கலாம், அல்லது வேறு கிளப்பிலிருந்து தேர்ந்தவரைக் கொண்டுவரலாம்.

காத்திருப்பு: இளைஞருக்கு உடம்பு தேறவே வருடங்கள் ஆகும். கார்ல்டன் கிளப் 2015-இல் எடுத்த ஹாரி மெக்கே, அதிக கோலுக்கான கோல்மன் பதக்கம் வாங்கியது 2021-இல். தேர்ந்தவர் உடனே கைகொடுப்பார். வேறு கிளப்பிலிருந்து வந்த டாம் லிஞ்ச் ரிச்மண்ட் கிளப்பில் ஆடிய முதல் வருடமே, 2019-இல், கோப்பை.

செலவு: இளைஞருக்குச் சம்பளம் குறைவு. தேர்ந்தவருக்கு அதிகம்: வேறு கிளப்பிலிருந்து வந்த ஃபார்வர்டு லான்ஸ் ஃபிராங்க்ளினுக்கு சிட்னி கிளப் 9 வருடத்துக்குச் சுமார் ஒரு கோடி டாலர் பேசியது. கோல்கள் குவிந்தன, கோப்பைதான் வரவில்லை.

காயம்: இரண்டுமே சூதாட்டம்.

நடுக்களம் பலமாக இருந்து, கோப்பை எட்டும் தூரத்தில் இருந்தால் வாங்குங்கள். அடியிலிருந்து கட்டும் அணி வளர்க்கட்டும், முடிந்தால் இருவராக. அப்போதுதான் எதிரணி ஒருவரையே மொய்க்க முடியாது.