கூடத்தில் விரித்த புட்டிங் பாய்

கோல்ஃப் மட்டையை நான் தொட்டதே 51 வயதில்தான். தூர அடிகள் ஓரளவு வந்துவிட்டன. கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில்தான், மானம் போகும். மூன்றடியிலிருந்து தட்டும் பந்து குழியை நலம் விசாரித்துவிட்டு ஓரமாகப் போய்விடும். பார் 72 என்றால், அதாவது ஆட்டத்தை முடிக்க 72 தட்டு என்பது கணக்கு என்றால், அதில் பாதி, 36 தட்டு, புட்டிங்குக்கு (கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டுவதற்கு). எனக்கு 45 ஆகும்.

அதனால் ஆன்லைனில் 2,800 ரூபாய்க்குப் பத்தடி புட்டிங் பாய் ஒன்று வாங்கினேன். சுருட்டி அனுப்பியதில் நடுவே மடிப்பு விழுந்து, பந்து அங்கே வந்ததும் இடப்பக்கம் ஓடியது. இரண்டு நாள் மொட்டைமாடி வெயில், அப்புறம் மூலைக்கொரு அரிசி டின். பிறகுதான் படிந்தது. (டின்னைத் தேடிய மனைவி சொன்னதை இங்கே எழுத முடியாது.)

பிடித்தது, பாயின் நடுவில் ஓடும் வெள்ளைக்கோடு. மட்டை முகம் கொஞ்சம் திரும்பினாலும் பந்து கோட்டை விட்டு விலகிக் காட்டிக்கொடுக்கிறது. இரண்டு குழிகளில் ஒன்று சின்னது. அதில் ஒரு மாதம் பழகியபின், மைதானத்தின் 108 மில்லிமீட்டர் குழி அண்டா மாதிரி தெரிகிறது.

பிடிக்காதது கடைசி மேடு. பந்து ஏறவேண்டுமே என்று கை தானாக ஓங்குகிறது. கிரீனில் அதே வேகத்தில் தட்டினால் நான்கடி தாண்டி நிற்கிறது. வேகம் பழக இது உதவாது, நேர்கோட்டுக்கு வாங்கலாம். கூட வந்த பிளாஸ்டிக் பந்துகளைப் பூனைக்குக் கொடுத்துவிட்டேன்.